வச்சிரட்டுமா?

தேவகோட்டை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேனேஜர் அவர். நெற்றி நிறையத் திருநீறு, காதை விட்டு இறங்காத போன். யார் கூப்பிட்டாலும் கடைசியில் "வச்சிரட்டுமா?" என்று கேட்பார். எதிராளி சரி என்று சொன்ன பிறகுதான் போனை வைப்பார்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். மண்டபத்துக் கம்ப்யூட்டர் ஓயாமல் அலறுகிறது என்று என்னை அழைத்தார்கள். திரை முழுக்கச் சிவப்புப் பெட்டி: 'வைரஸ் புகுந்துவிட்டது. அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.'

மேனேஜர் அந்த எண்ணில்தான் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இருந்தவன் சொன்னபடி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் செயலியையும் ஏற்றியிருந்தார். மவுஸை யாரும் தொடாமலே அம்புக்குறி நகர்ந்தது.

"அண்ணே, அவன் திருடன். போனை வைங்க!"

"பேசிக்கிட்டு இருக்காகல்ல தம்பி, பாதியில எப்படி வைக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இணைய வயரைப் பிடுங்கினேன். "அப்புறம் கூப்பிடுறேன் சார்" என்று அவனே விடைபெற்றான்.

செயலியை நீக்கினேன். வங்கிக்குப் பேசவைத்து மண்டபக் கணக்கை முடக்கினேன். பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றவைத்தேன். நிஜ கம்பெனி எதுவும் இப்படி எண் போட்டுக் கூப்பிடச் சொல்லாது, பெட்டி வந்தால் பிரவுசரை மூடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"இம்புட்டு மரியாதையாப் பேசுறவுகளா ஏமாத்துவாக?" என்றார்.

மறுபடியும் அதே எண். நான் தடுப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"நீங்க ஏமாத்துறதா இங்குட்டுச் சொல்றாக சார். நான் வச்சிரட்டுமா?"

பதிலுக்குக் காத்திருந்தார். அவன் பட்டென்று துண்டித்தான்.

மேனேஜரின் முகம் சிவந்தது.

"பாத்தீகளா தம்பி, ஒரு வார்த்தை சொல்லாம வச்சிட்டான். திருட்டுப்பயதான்!"