பந்து ரூம் மிஸ்

எங்கள் சிறுதொழில் சங்கத்தின் ஆண்டு மலரில் வருடம் தவறாமல் ஒரு சாதனையாளரைப் பற்றி எழுதுவார்கள். இந்த வருடம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். பெரிய கம்பெனி எம்.டி. யாரையாவது பிடித்து எழுதுவேன், கூடவே ஒரு பக்க விளம்பரமும் வாங்கித் தருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எழுதப் போவது பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் போடும் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் மாடசாமி. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஓசூருக்கு வந்த புதிதில் லேத் பட்டறையில் இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். இன்று சிப்காட்டில் என் சொந்த ஷெட்டில் பன்னிரண்டு சி.என்.சி. மெஷின் ஓடுகிறது. எந்த மாமன் மச்சானும் கை தூக்கி விடவில்லை. தெற்கத்திக்காரன் என்பதால் ஊருக்கே நான் அண்ணாச்சி. மளிகைக் கடை எந்தத் தெருவில் என்று கேட்டவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் நான் நிர்வாகக் குழு உறுப்பினர். அங்கே குடிதண்ணீர் மெஷின், பெண் பிள்ளைகள் கழிப்பறை, சைக்கிள் ஷெட் எல்லாம் நான் செய்து கொடுத்தவை.

அந்தப் பள்ளியின் மனநல ஆலோசகர்தான் ஜெயப்ரியா. மாணவர்களுக்கு மனசில் பாரம் இருந்தால் கேட்பதற்கென்று குழு சம்பளம் கொடுத்து வைத்த ஆள். வருடா வருடம் ஜூன் மாதம் குழு கூடி வேலையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் அதோடு சரி.

சாமல்பட்டிப் பக்கம் மானாவாரி நிலமும் நாலு மாமரமும் வைத்திருந்த சென்னகிருஷ்ணனின் மகள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். தினமும் ரயிலேறிச் சேலம் போய் சமூகப்பணி படித்தாள். கல்யாணமாகி ஓசூர் வந்தபின் கன்னடமும் பழகிக்கொண்டாள். பிள்ளைகள் எந்த பாஷையில் அழுகிறார்களோ அந்த பாஷையிலேயே பதில் சொல்லுவாள். முதல் வேலை ஒரு கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில். அங்கே தங்கியிருந்த பெண்கள் இவளிடம் என்னென்ன சொல்கிறார்கள் என்று மேனேஜர் கேட்டார். "அவங்க எங்கிட்ட சொன்னாங்க, ஒங்ககிட்ட சொல்லலியே சார்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கணவருக்கு அப்போது வேலை நிரந்தரம் ஆகவில்லை. வீட்டு வாடகை இருக்கிறது, பால்காரர் இருக்கிறார். இருந்தும் வந்தாள். ஆணி அடித்தது மாதிரி ஆள் என்று இதைக் கேள்விப்பட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் குடிதண்ணீர் மெஷினைப் பார்க்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். விளையாட்டுச் சாமான் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுருட்டி அடுக்கின பாய்கள், கயிறு, தாண்டுகிற மரச்சட்டம், வலைகள். நடுவில் ஸ்டூலில் ஜெயப்ரியா. மடியில் ஒரு கால்பந்து, கையில் பம்பு.

"என்னம்மா இது? எம்.ஏ. படிச்சிட்டுப் பந்துக்குக் காத்தடிச்சிட்டு இருக்கீங்க."

"காத்து எறங்கிப் போச்சுங்க. அடிக்கிறேன்."

"பி.டி. வாத்தியார் எதுக்கு இருக்காரு?"

"அவரு விசில் அடிக்கறாருங்க. காத்து நான் அடிக்கிறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் உறுப்பினராக இருக்கும் பள்ளியில் படித்த பெண்ணைக் குப்பைச் சாமானுக்கு நடுவில் உட்கார வைப்பதா? அன்றைக்கே என் ஃபோர்மேன் சுபாஷைக் கூப்பிட்டு கேபின் செய்யச் சொன்னேன். அடியில் இரும்புச் சேனல், நாலு மூலையிலும் கிரேன் மாட்டித் தூக்க வளையம், அலுமினியம் பிரேம், நான்கு பக்கமும் கண்ணாடி, ஏ.சி., சுழல் நாற்காலி. என் ஷெட்டில் சூப்பர்வைசர் உட்காரும் கேபினும் அப்படித்தான். கண்ணாடிக்குள் இருப்பவன் தூங்க மாட்டான், வெளியில் இருப்பவனும் தூங்க மாட்டான். பள்ளியின் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் இறக்கினோம். மேலே "மனநல ஆலோசனை மையம்" என்று போர்டு. கீழே உபயம், என் பெயர். திறப்பு விழாவில் மாலை போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஜெயப்ரியா அதற்குள் காலெடுத்து வைக்கவில்லை. மறுநாள் பழைய ரூமுக்கே போய்விட்டாள்.

தலைமையாசிரியை சுஜாதா கண்டிப்பான அம்மாள், ஆனால் நியாயம் தெரிந்தவர். எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, பொம்பளப் புள்ளைங்க படிக்கற எடம். நாளைக்கு அந்த ரூமுக்குள்ள என்னமோ நடந்துச்சுன்னு எவனாவது கெளப்பி விட்டா நான் என்ன பதில் சொல்வேன்? கண்ணாடின்னா ஊரே சாட்சி. அதான் எனக்கும் புடிச்சுது. ஆனா இவங்க மாட்டேங்கறாங்க. ஜூன் கூட்டத்துக்குள்ள கேபின்ல ஒக்காரணும், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிட்டேன்."

சரி, நானே கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். கொடுத்ததை வேண்டாம் என்றவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேபின் வாசலிலேயே அவளைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"ஏம்மா, உள்ள என்ன கொறச்சல்? ஏ.சி. சத்தம் போடுதா?"

"ஒண்ணும் கொறச்சல் இல்லீங்க. வாங்க, ஒக்காருங்க." முதல் தடவையாக உள்ளே வந்தாள். என்னை அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒங்க மனசுல இருக்கும்ல, வீட்டுல கூட சொல்லாதது ஒண்ணு. அத எங்கிட்ட சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு என்ன பயம். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். என் மகன் பெங்களூரில் இருக்கிறான். அதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை. அந்த நேரம் பார்த்து இன்டர்வல் மணி அடித்தது. பள்ளி மொத்தமும் மைதானத்துக்கு வந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பையன்கள் நிற்கிறார்கள். ஒருவன் என் போர்டைக் காட்டி, அப்புறம் என்னைக் காட்டி, தன் நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றினான். டீச்சர்கள் இரண்டு பேர் டீ டம்ளரோடு நின்று பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

"பொறவு பாத்துக்கலாம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

அது அதோடு முடியவில்லை. நாங்கள் சரக்குக் கொடுக்கும் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் மதியமே போன் செய்தார். அவர் பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது. "அண்ணாச்சி, ஒடம்பு பரவால்லையா? அடுத்த மாச ஆர்டர எடுத்துக்குவீங்கல்ல, இல்ல வேற எடம் பாக்கட்டுமா?" என்றார். சாயந்தரம் ஷெட்டுக்குள் நுழைந்தால் சுபாஷ் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறான். வீட்டுக்குப் போனால் என் மனைவி ராசாத்தி காபியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தாள்.

"ஏங்க, ஒங்களுக்கு மண்டைக்கு என்னமோ ஆயிட்டாம்லா? மாடி வீட்டுக்காரி கேக்கா."

"எவ சொன்னா?"

"ஊரே சொல்லுது. கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்து அழுதீகளாமே."

"நான் அழவே இல்ல."

"அதத்தான் நானும் சொன்னேன். அந்த மனுசனுக்கு அழுகை எங்கிட்டு வரும்னு."

பன்னிரண்டு மெஷின் முதலாளிக்கே ஒரே பொழுதில் இந்தக் கதி. பதினாறு வயசுப் பிள்ளை அங்கே உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. கண்ணாடி வேண்டாம், சரி. சுவர் வைத்த நல்ல ரூம் கட்டிக் கொடுத்தால் போகிறது. அந்தக் குப்பை ரூம்தான் வேண்டும் என்று ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறாள்?

மறுநாள் காலை அதைக் கேட்கப் போனேன். சானமாவுக் காட்டுப் பக்கத்துப் பிள்ளைகள், யானை ரோட்டில் நின்றதென்று சொல்லிக்கொண்டு தாமதமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் பந்து ரூமில் ஜெயப்ரியாவோடு பேச ஆரம்பிக்கும்போது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பதினொன்றாம் வகுப்பு இருக்கும். கையில் தொளதொளவென்று ஒரு கூடைப்பந்து.

"மிஸ், பந்துக்குக் காத்து."

"குடும்மா, நான் பாக்கேன்" என்று நான் வாங்கிக்கொண்டேன். ஏர் சமாச்சாரம் என்றால் என்னை விட்டால் யார். காற்று அடித்தேன். பக்கெட் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. வால்வில் எச்சில் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"இதுல ஓட்டையே இல்லியே. எவனோ வேணும்னு காத்தப் புடுங்கி விட்டிருக்கான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஜெயப்ரியா எழுந்தாள். "அண்ணாச்சி, கொஞ்சம் வெளிய போங்க."

என்னை ஒருவர் வெளியே போகச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது. பந்தைப் பார்த்தேன், அந்தப் பெண்ணைப் பார்த்தேன், மூலையில் காற்றிறங்கிக் கிடந்த மற்றப் பந்துகளையும் பார்த்தேன். விளங்கிவிட்டது. மனசில் பாரம் உள்ள பிள்ளை மைதானத்தில் ஒரு பந்தின் காற்றைப் பிடுங்கிவிடும். பந்தோடு இங்கே வரும். பார்ப்பவர்களுக்குப் பந்துக்குக் காற்று, அவ்வளவுதான். யார் விளையாட வந்தது, யார் பேச வந்தது என்று எவனுக்கும் தெரியாது. பிள்ளைகளே கண்டுபிடித்த வழி. இவள் செய்ததெல்லாம் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததுதான்.

நான் போய் சைக்கிள் ஷெட்டில் நின்றுகொண்டேன். அந்தப் பெண் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே வரும்வரை நின்றேன். என்ன பேசினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஜூன் கூட்டம் வந்தது. ஜெயப்ரியாவை உள்ளே கூப்பிட்டார்கள். சுஜாதா அம்மாள் கோபப்படாமல்தான் கேட்டார். "நல்ல ரூம் குடுத்தா வேணாங்கறீங்க. பந்து ரூம்தான் வேணும்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல. அதச் சொல்லுங்க, நான் விட்டுடறேன்."

சொன்னால் வேலை நிலைக்கும். ஆனால் ஒன்பது பேர் காதில் விழுந்தது சாயந்தரத்துக்குள் பி.டி. வாத்தியார் மணிகண்டன் காதுக்குப் போகும், மறுநாள் பந்து கொண்டு வருகிற பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"காரணம் இருக்குதுங்க மேடம். சொல்ல மாட்டேன்."

"அப்ப வேலைய எப்படிப் புதுப்பிக்கறது?"

"வேணும்னா வேலைய எடுத்துக்கோங்க. ரூம எடுக்காதீங்க. எனக்கப்பறம் வர்றவங்களுக்கும் அந்த ரூமுதான் வேணும்."

குழுவில் ஒருவர், "என்ன திமிரு பாத்தீங்களா" என்று என் பக்கம் சாய்ந்து சொன்னார். என் கேபினை ஒதுக்கினவள், நான்தான் முதலில் கை தூக்கி வெளியே அனுப்புவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கேபின் என்னுது. நாளைக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றேன்.

சுஜாதா அம்மாள் திகைத்துவிட்டார். "திறப்பு விழா நடத்தியாச்சே அண்ணாச்சி. எல்லாரும் என்ன நெனப்பாங்க?"

"எனக்குக் கிறுக்குன்னு ஏற்கனவே ஊர் நெனச்சாச்சு. இதையும் சேத்து நெனக்கட்டும். பந்து ரூம் கதவு இப்ப எப்படிப் பாதி தெறந்து கெடக்கோ அப்படியே கெடக்கட்டும். நீங்க எந்நேரமும் அந்த வழியா நடந்து போங்க, யாரு வேணாங்கா. ஆனா அந்தம்மாவ மாத்துறதா இருந்தா என் பேரையும் குழுவுல இருந்து அடிச்சிருங்க."

காரணம் என்ன என்று என்னிடமும் கேட்டார்கள். எனக்குப் படிப்பில்லை, காரணம் சொல்லத் தெரியாது என்றேன். வேலை புதுப்பிக்கப்பட்டது. மறுநாள், பள்ளி நடக்கும் நேரத்திலேயே கிரேன் கொண்டுபோனேன். ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தூக்க நான் என்ன திருடனா? மொத்தப் பள்ளியும் பார்க்க, என் பெயர் போர்டோடு அந்தக் கண்ணாடிப் பெட்டி ஆகாயத்தில் ஆடிக்கொண்டு போய் லாரியில் இறங்கியது. பையன்கள் கை தட்டினார்கள். இப்போது சுபாஷ் அதில் உட்கார்ந்து சரக்கு செக் பண்ணுகிறான். போர்டைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். நான் கழற்றவில்லை.

பந்து ரகசியத்தை இப்படி மலரில் போட்டு உடைக்கலாமா என்று கேட்பீர்கள். ஜெயப்ரியாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோங்க அண்ணாச்சி, அது பழசாயிடுச்சு" என்றாள். பிள்ளைகள் இப்போது வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு வேண்டிய சாமானை வாங்கிக் கொடுத்ததே நான்தான். சங்கத்துத் தலைவரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.