மண் தின்ற உபதேசியார்

முதல் அறிகுறி மூச்சுத்திணறல் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். அது பொய். முதலில் வந்தது ஆசை. மழை விட்ட ஒரு காலையில் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) மண் சுவரில் ஈரம் ஏறியிருந்தது. அந்த மண் வாசனைக்கு எனக்கு எச்சில் ஊறியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நகத்தால் ஒரு துண்டு பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கக்கத்தில் வேதப்புத்தகம் வேறு இருந்தது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இதே ஆசையை ஒளித்துவைத்திருக்கும் ஒருவர் படித்து வெட்கத்தை விடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கையில், நமுனுகுல மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் மிஷன் உபதேசியார். பகலில் பிள்ளைகளுக்கு எழுத்து, மாலையில் லயம் லயமாகப் பிரசங்கம். அண்ணன் அதே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அம்மன் திருவிழாவுக்கு அவர்தான் கரகம் எடுப்பார். கரகம் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும், வீட்டுக்காரர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவர் காலைக் கழுவ வேண்டும். நான் ஞானஸ்நானம் பெற்ற வருடம் என் கதவைச் சாத்திக்கொண்டேன். மேளம் ஒரு சுற்று முடியும்வரை அண்ணன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டுப் போனார். விசுவாசத்துக்காக வீடு இரண்டுபடும் என்று வேதத்தில் முன்னமே சொல்லப்பட்டதுதானே என்று, உள்ளே நின்ற எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அன்றிலிருந்து படையல் வைக்கும் வீட்டுச் சோறு வேண்டாம் என்று அவர் வீட்டில் கை நனைப்பதையும் விட்டேன்.

மதினி மட்டும் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. அவளுக்குக் கொஞ்ச காலமாக முகம் வெளுத்திருந்தது. காலைப் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது கடைசி ஆளாக வந்து நிற்பாள். ஒருநாள் அவள் அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்பதைப் பார்த்துவிட்டேன். என்ன செய்கிறது என்று கேட்டிருக்கலாம். நான் பிரசங்கம் செய்தேன்.

"மண்ணத் தின்னுறது பாம்புக்கு ஆண்டவர் குடுத்த சாபம் மதினி. மனந்திரும்பலன்னா நியாயத்தீர்ப்பு இந்த லயத்துக்கே வந்துரும்."

"திரும்பலாம் தம்பி. மொதல்ல இந்தக் கூடையத் தூக்கித் தலையில வச்சு விடுங்க, என்னால முடியல" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, மதினி இறந்துபோனாள். இழவு வீட்டிலாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்றேன். அண்ணன் என்னை அடிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். மூன்று வருடம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது புரியும், சுவர் மண் என் நாக்கில் கரைந்தபோது எனக்கு எப்படிப்பட்ட பயம் வந்திருக்கும் என்று. நான் சொன்ன தீர்ப்பு என் மேலேயே வந்துவிட்டது என்று நம்பினேன். எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜெபித்தேன், உபவாசம் இருந்தேன். இரத்தம் இல்லாத உடம்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கடைசியில் பள்ளிக்கூடப் படியில் விழுந்தேன்.

கண் திறந்தபோது அண்ணன் குனிந்து நின்றார்.

"முதுகுல ஏறு" என்றார். மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

வண்டிப்பாதை வரை என்னைச் சுமந்தார். பண்டாரவளை வரைதான் ரயில் வந்திருந்த காலம். பதுளை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டிதான். வழி முழுக்கத் தன் கம்பளியை என் மேல் போட்டுவிட்டு அவர் நனைந்துகொண்டு வந்தார்.

யாழ்ப்பாணத்து டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். கடுமையான சோகை (இரத்தம் குறைந்து வெளுத்துப்போவது) என்றார். என் மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, கொக்கிப்புழு (குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் மெல்லிய புழு) என்றார். பிறகு என் கால்விரல் இடுக்கை விரித்தார். சேற்றுப்புண் இருந்தது.

"வெறுங்காலோடயோ நடக்கிறனீங்கள்? தேயிலைக்குள்ள ஒதுங்குற இடத்து மண்ணிலதான் இந்தப் புழு கிடக்குது. காலாலதான் உள்ளுக்குப் போகும். மண் தின்ன ஆசை வந்ததோ?"

தலையைக் குனிந்துகொண்டேன். "வந்துச்சுங்க ஐயா. சாபம்னு நெனச்சேன்."

"சாபமில்லை, உபதேசியார். இரத்தம் குறைஞ்சால் அந்த ஆசை வரும்."

பின்னால் நின்ற அண்ணன் கேட்டார்: "எம் பொண்டாட்டியும் மண்ணத் தின்னாளுங்க. அவளுக்கும் இதுதானுங்களா?"

"பாக்காமச் சொல்லேலாது. இதாத்தான் இருக்கும்."

"அப்பவே மருந்து இருந்துச்சுங்களா?"

டாக்டர் என் காலை மெதுவாகக் கீழே வைத்தார். "இருந்தது" என்றார்.

முதல் நாள் பட்டினி, பேதி உப்பு. மறுநாள் தைமோல் (ஓம உப்பு), மறுபடி பேதி. வயிறு பிய்ந்துவிடும்போல இருக்கும், பயப்படாதீர்கள், அடங்கிவிடும். எண்ணெய், நெய் மட்டும் அந்த நாட்களில் தொடக்கூடாது. பிறகு பல மாதம் இரும்பு மருந்து.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்தப் பன்னிரண்டு நாள் திரும்ப வராதா என்று இன்றும் ஏங்குகிறேன். பின்கட்டில் மூன்று கல் வைத்து அண்ணன் கஞ்சி காய்ச்சுவார். ஓம வாசனை அடிக்கும் என் வாய்க்கு அந்தக் கஞ்சி அவ்வளவு ருசியாக இருந்தது. படையல் வீட்டுக் கை என்ற எண்ணமே வரவில்லை. சின்ன வயதில் ஒரே கோப்பையில் குடித்ததுபோல, மிச்சத்தை அவர் குடித்தார்.

நாலாம் நாள் அழுதுவிட்டேன். "அண்ணே, மதினிய நான்தான் கொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியவளப் பாவின்னு சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கஞ்சி ஆறுது. குடி" என்றார். மன்னித்தாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த திருவிழாவில் மேளம் எங்கள் லயத்தில் ஏறியது. நான் கதவைத் திறந்துவைத்து, ஒரு பானை வெந்நீரோடு வாசலில் உட்கார்ந்தேன். மஞ்சள் போடவில்லை. என் ஆண்டவரும் ஒரு ராத்திரி குனிந்து சீஷர்களின் கால் கழுவியவர்தான். கரகம் வந்து நின்றது. அண்ணனின் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். புண் இல்லை.

கரகம் தலையில் இருந்ததால் அவரால் குனிய முடியாது. நேரே பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "அவ கால யாருமே பாக்கல தம்பி. நானும் பாக்கல."

சபையார் முகம் சுளித்தார்கள், மஞ்சள் இல்லை என்று கோயில்காரர்களும் சுளித்தார்கள். போதகர் விசாரித்தார். கால் கழுவினேன் என்றேன். அண்ணன் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் கழுவினேன்.

நியாயத்தீர்ப்பு உண்டு என்று இன்றும் நம்புகிறேன். அதை முன்கூட்டிச் சொல்லும் வேலை எனக்குத் தரப்படவில்லை. என் இரத்தம் திரும்பிவிட்டது. ஆனாலும் படி ஏறி மூச்சு வாங்கும்போதெல்லாம், கூடையோடு நிற்கும் மதினி எனக்கு இரண்டு படி முன்னால் இருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் முதலில் விளக்கைக் கீழே இறக்கச் சொல்கிறேன். எல்லார் காலையும் பார்த்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறேன்.