பெரிய வெள்ளிக்கிழமை ரத்ததான முகாம்

பெரிய வெள்ளிக்கிழமை ரத்ததான முகாம் வைத்தவள் நான்தான். யாரும் என் தலையில் கட்டவில்லை. எங்கள் மலைக் கோவில் பங்கின் சேவைக் குழுவுக்கு ஆறு வருடமாக நான் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிப் பழகிய குரல் என்பதால் எல்லோரும் எதையும் என்னிடம் விட்டுவிடுவார்கள். மரக்கன்று நட்டாயிற்று, ஓடையைச் சுத்தம் செய்தாயிற்று, வயதானவர்களுக்குப் போர்வை கொடுத்தாயிற்று. அந்தத் தவக்காலத்தில் புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. 'இயேசு நமக்காக இரத்தம் சிந்திய நாளில் நாமும் இரத்தம் கொடுப்போம்' என்று நானே வாசகம் எழுதி, அட்டையில் சிவப்பு மையால் தீட்டி, கோவில் வாசலில் கட்டினேன். கட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று ரசிக்கவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பக்கத்துக் கிராமத்தில் சாமை விதைக்கிறவர், கோடையில் புளி உலுக்கப் போகிறவர். அவருடைய இரண்டு பெண்களும் என் வகுப்பில் படித்தவர்கள். எங்கள் கோவிலுக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. அவர் மனைவிக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு. கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், அதற்கு ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை நாள் குறித்திருந்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லை, நான்கு பேரைக் கொண்டுவந்து கொடுக்கச் செய்யுங்கள், எந்த வகை ரத்தமானாலும் சரி, அதற்குப் பதில் நாங்கள் மாற்றித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் கையை நீட்டினால் எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு ஊசியைக் கண்டாலே பயம்.

"வர்ற வெள்ளிக்கிழமை இங்கயே முகாம். நாப்பது பேரு பேர் குடுத்திருக்காங்க. நாலு இன்னா, நாப்பதே வரும். நீ எங்கயும் அலையாத. போய் புளி உலுக்குற வேலையப் பாரு" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பெரிய மனுஷிபோலத் தலையாட்டினேன்.

எங்களில் ஒருசந்தி என்று ஒன்று உண்டு. நாளுக்கு ஒரே வேளை சாப்பிடும் விரதம். தவக்காலம் முழுவதும் நாற்பது நாளும் இருக்கிறவர்கள் எங்கள் பங்கில் பாதிப்பேர், நானும் அதில் ஒருத்தி. பெரிய வெள்ளியன்று அந்த ஒரு வேளையும் மூன்று மணி ஆராதனை முடிந்த பிறகுதான். அன்று காலை சிலுவையைத் தூக்கிக்கொண்டு சிலுவைப் பாதையின் பதினான்கு தலமும் பாடி, வெறுங்காலோடு பாறை மேல் ஏறி இறங்கினோம். பலர் நாக்கில் தண்ணீர்கூட வைக்கவில்லை. இது அத்தனையும் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனாலும் என் மரமண்டையில் அது ஏறவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ரத்த வங்கி வண்டி மலை ஏறி வந்தது. இளம் டாக்டரம்மா மேசை போட்டு உட்கார்ந்ததும் வரிசையில் முதலில் நின்ற பெண்ணிடம், "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ஒருசந்திங்க" என்றாள் அவள் பெருமையாக.

அடுத்தவள் ஒருசந்தி. அதற்கடுத்தவரும் ஒருசந்தி. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வெறும் வயித்துல எடுத்தா மயங்கி விழுவாங்க மேடம். நான் எடுக்க மாட்டேன். யாராவது சாப்பிட்டவங்க இருந்தா அனுப்புங்க."

படிமேல் ஏறி நின்று, வகுப்பில் கேட்பதுபோல, "சாப்பிட்டவங்க கை தூக்குங்க!" என்று கத்தினேன். ஒரு கை எழவில்லை. எப்படி எழும்? பெரிய வெள்ளிக்கிழமை, கோவில் வாசலில், ஊரே பார்த்திருக்க, நான் தின்றுவிட்டு வந்தேன் என்று எவன் ஒப்புக்கொள்வான்? காலையில் டீக்கடை மறைவில் போண்டா தின்ற பாடகர் குழுத் தலைவரை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அவரும் உதட்டைக் காயவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் வெளியே வந்து, "ஒரு உயிருக்காக ஒருசந்திய முறிச்சா ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார், சாப்பிடுங்க" என்றார். ஒரு பெண் அழுதேவிட்டாள். "சாமி, என் புள்ளைக்கு வேல கெடைக்கணும்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். முப்பத்தொம்போது நாள் இருந்துட்டேன். இன்னிக்கு ஒரு நாள் முறிக்கச் சொல்றீங்களா?" எல்லோருக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. பூசை உடுப்பு மாற்றும் அறைக்கு டாக்டரம்மாவை அழைத்துப் போய் உட்காரவைத்து, பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக வரச் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொல்ல வருவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். போண்டாக்காரர் ஒருவர், பழைய சோறு தின்றுவிட்டு வந்த கொத்தனார் ஒருவர். இரண்டு பை கிடைத்தது. இன்னும் இரண்டு வேண்டும்.

நானே தொடங்கினால் மற்றவர்களும் வருவார்கள் என்று, எல்லோர் முன்னாலும் மூன்று வாழைப்பழத்தை உரித்துத் தின்றேன். என்னைப் பார்த்து ஐந்து பெண்கள் சாப்பிட்டார்கள். அரைமணி நேரம் கழித்து டாக்டரம்மா எங்கள் விரலைக் குத்திப் பார்த்தார். ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது இருக்க வேண்டுமாம், எனக்கு ஒன்பது. மற்றவர்களுக்கும் ஒன்பது, பத்துக்குள். நாற்பது நாள் ஒரு வேளைச் சோற்றில் ஓடிய உடம்பு அது. "மேடம், உங்களுக்கே ரத்தம் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு அவர் மேசையை மடித்தார். மூன்று மணி ஆராதனை முடிந்து மற்றவர்கள் சாப்பிடும்வரை காத்திருக்க முடியாது, இருட்டுவதற்குள் அவர்கள் மலை இறங்க வேண்டும்.

சாமை விதைக்கிற அந்த மனிதர் காலையிலிருந்து வாசல் மரத்தடியில் நின்றிருந்தார். வண்டி கிளம்பியதும் என்னிடம் வந்தார்.

"இன்னா டீச்சர், இத்தினி பேரு கீறாங்க. ரெண்டு பேருகிட்டதான் ரத்தம் கீதா?"

நான் வாசலில் கட்டியிருந்த அட்டையை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"போன வாரமே திருப்பத்தூர்ல என்கூட வேல செஞ்ச பசங்க ரெண்டு பேரு வர்றேன்னாங்க. நீங்க சொன்னீங்கன்னு வேணாம்ன்ட்டேன். இப்ப அவுங்க பெங்களூருக்குப் போய்ட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தெரியாத பிள்ளை விடை கேட்பதுபோலக் கேட்டார். மூன்று மணி ஆராதனையில் சிலுவையில் உதடு வைத்து முத்தி செய்யும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. 'நீ எங்கயும் அலையாத' என்ற என் குரல்தான் காதில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஒருசந்தி ஈஸ்டரோடுதான் முடிந்தது. மறுநாள் திங்கட்கிழமை, வயிறு நிறையச் சாப்பிட்ட நான்கு ஆண்களைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன். நான்கு பேரும் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த ரத்தத்தைப் பரிசோதித்த பிறகுதான் மாற்று ரத்தம் தருவோம், அதற்கு மறுநாள் ஆகும் என்றார்கள். ஆபரேஷன் டாக்டர் திங்கட்கிழமை மட்டும்தான் வருவார். அன்றைய இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த திங்கள் வரை இப்படியே போனால் தாங்குவாளா என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. கணவர் ஜன்னலோரம் நின்றார். அவள் என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"இவரு சொன்னாரு டீச்சர். அன்னிக்கு நாப்பது பேரும் பட்னின்னு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எங்க ஊர்லயும் ஒருத்தருக்கு முடியலன்னா வூட்ல பட்னி கெடந்து வேண்டிக்குவோம். ஆனா வூட்டு ஆளுங்கதான் கெடப்போம். நீங்க யாரோ எவரோ, எனக்காகவா அத்தினி பேரும் பட்னி கெடந்தீங்க?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கணவர் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.