பதினான்கு பக்க உரையும் ஒரு மண்வெட்டியும்

மதுரையில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த நான், நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு வருடம் விடுப்பு எடுத்து, இலங்கையில் சேவை செய்யக் கப்பலேறினேன். சேவை என்ற சொல்லை அப்போதெல்லாம் கூச்சமில்லாமல் சொல்வேன். நான் போய்ச் சேர்ந்தது, கிளிநொச்சிப் பக்கம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளி. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். சம்பளம் வேண்டாம் என்று நான் எழுதியதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். என் பாடத்தைக் கேட்டவர்கள் அதை நியாயம் என்றிருப்பார்கள்.

அங்கே நான் உருகி உருகி நடத்தியது நைல் நதிப் பாசனம். கரும்பலகை முழுக்க வாய்க்கால் வரைவேன். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள். அது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று.

ஊர் திரும்பும் வாரம் எனக்கு ஒரே கவலை. எட்டாம் வகுப்பில் ஒருத்தி, கணக்கில் என்னையே இரண்டு தடவை திருத்தியவள். அவளுக்கு யாழ்ப்பாணத்தில் விடுதியோடு கூடிய பள்ளியில் இடம் பிடித்திருந்தேன். தகப்பனார் கையெழுத்திட்ட படிவம் சனிக்கிழமைத் தபாலில் சேராவிட்டால் இடம் போய்விடும். அவரோ மனைவியை இழந்தவர், ஆண்பிள்ளை இல்லாதவர். வயலில் அவருக்கு இருந்த ஒரே துணை இவள்தான். "யோசிச்சுச் சொல்லுறன் ரீச்சர்" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எனக்கு ரயில். அதனால் பிரிவுபசாரத்தை வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"வெள்ளிக்கிழமையோ?" என்றார் தலைமையாசிரியை. சற்றுப் பொறுத்து, "வெள்ளிக்கிழமைதானோ?" என்று மறுபடியும் கேட்டார். மரியாதைக்காக அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் அவரது காது மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினான்கு பக்க உரையோடு நான் நின்றேன். எதிரே தலைமையாசிரியை, நாலைந்து சின்னப் பிள்ளைகள், ஊரெல்லாம் இரவல் வாங்கிய காலி நாற்காலிகள். பெற்றோர் ஒருவர்கூட வரவில்லை. அந்தத் தகப்பனாரும் வரவில்லை. அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசைச் சின்னப்பெண் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "ரீச்சர், இண்டைக்கும் நாளைக்கும் எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி. இனி எட்டு நாளைக்குப் பிறகுதான்."

சிறுபோகமென்னும் கோடை வெள்ளாமை, குளத்தில் நீர் குறைவு, நெல்லில் கதிர் புடைத்துக் குடலை தள்ளும் சமயம். நைலைப் பற்றிச் சொன்னவளுக்கு இது தெரியவில்லை. படிவம் இருந்த பையில் உரையையும் திணித்துக்கொண்டு வாய்க்கால் கரையோரம் நடந்தேன்.

தகப்பனும் மகளும் முழங்கால் சேற்றில் நின்றார்கள். "பொறுங்கோ ரீச்சர், அங்கால நண்டு வளையால தண்ணி போகுது. அடைச்சிட்டு வாறன்" என்று இருவரும் வயலின் கோடிக்குப் போனார்கள். அடுத்த வயலை ஒட்டிய வரப்பில் தண்ணீர் புகும் வாய் எனக்குச் சிறிதாகப் பட்டது. கிடந்த மண்வெட்டியை எடுத்து ஒரு வெட்டு வெட்டினேன். வரப்பு அப்படியே சரிந்து, அவருடைய தண்ணீர் அடுத்த வயலுக்குள் சந்தோஷமாகப் போனது.

மகள் ஓடி வந்தாள். "விடுங்கோ ரீச்சர். தள்ளி நில்லுங்கோ." நாலு வெட்டு மண், காலால் ஒரு மிதி. உடைப்பு அடைபட்டது.

அடுத்த வயல்காரர் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நாளைக்கெல்லோ முறை. ரீச்சர் இண்டைக்கே தந்திட்டா" என்றார். பிறகு தகப்பனாரிடம், "அண்ணை, நாளைக்கு என்ர முறையில நீங்கள் கொஞ்சம் எடுங்கோ. ரீச்சர் தந்ததை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

தகப்பனார் சிரிக்கவில்லை. என் புடவையைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இவ்வளவு படிச்ச ஆளுக்கு இது தெரியேல்ல" என்றார், எனக்குக் கேட்கத்தான். "எனக்கு இது மட்டுந்தான் தெரியும். ரண்டும் தெரிஞ்ச ஒராள் இருக்கட்டும். எங்க அந்தக் கடுதாசி?"

"அப்ப தண்ணி ஆர் கட்டுறது, ஐயா?" என்றாள் மகள்.

"நான் செத்துப் போகேல்ல."

என் உரையை அடியில் வைத்து, அதன்மேல் படிவத்தை விரித்துக் கையெழுத்திட்டார். படிவத்தில் பெயர் விழுந்தது, உரையில் சேறு விழுந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அந்த வெட்டுக்கே முதலிடம் கொடுப்பேன். திட்டமிட்டுச் செய்த மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மறுநாள் காலையில் கிளிநொச்சி ஸ்டேஷனுக்கு மகள் வந்தாள், தகப்பனார் கொடுத்துவிட்ட அரிசிப் பையோடு. அடுத்த வயல்காரரின் முறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்ததால் அவர் வரவில்லை. தபாலில் படிவத்தைச் சேர்த்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். நன்றியும் சொல்லப் பார்த்தேன். பதினான்கு பக்கத்தில் எங்கோ அழகாக எழுதியிருந்தேன், அந்த இடத்தில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்கோ ரீச்சர்" என்றாள். ரயில் நகர்ந்ததும் கூடவே நாலடி நடந்து வந்தாள்.

"திரும்பி வரேக்க எங்கட வயலுக்கும் வாங்கோ. மண்வெட்டியைத் தொடாதேங்கோ."