மாமாவுக்குக் காது கேட்ட நாள்

போன மாதம் என் மகள் என்னை மாத்தளைக்குக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். எனக்கு முன்னால் காத்திருந்தவர் இராணுவத்தில் இருந்தவர். பென்ஷன் போர்டுக்குக் காட்டக் காதுச் சான்று எடுக்க வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, கேட்காததைக் கேட்டதாகச் சொல்லிவிட வேண்டாம் என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். மகள் எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்தாள். அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு முந்திய கதை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். லயத்தில், வரிசை அறைகளில் ஒன்றான எங்கள் காம்பராவில் அம்மா, நான், அம்மாவின் தம்பி. அப்பாவிடம் பிள்ளைகள் கேட்பதையெல்லாம் நான் மாமாவிடம் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

மாமா வெள்ளைக்காரனின் யுத்தத்துக்குப் போய் வந்தவர். துப்பாக்கி பிடித்தவரல்ல. பாலைவனத்தில் வெடிமருந்துப் பெட்டிகளை லொறியிலிருந்து இறக்குகிற பிரிவில் இருந்தார். ஒரு நாள், இறக்கி அடுக்கிய பெட்டிகள் வெடித்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. காது மட்டும் போயிற்று. ஊர் திரும்பியபோது ஒரு பதக்கமும், ஒரு ஜோடி பூட்ஸும், எந்நேரமும் தேயிலை ஸ்டோர் இயந்திரம் ஓடுவது போல் தலைக்குள் ஓர் இரைச்சலும் அவரிடம் இருந்தன.

அவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். முகம் தெரிந்தால் போதும், தமிழில் யார் பேசினாலும் பிடித்துவிடுவார். சிங்களம் அவ்வளவு வராது. பசாரில் கடைக்காரர்கள் அவருடைய முழங்கையைத் தட்டி, "எஹெனவத?" என்று கேட்பார்கள். கேட்கிறதா என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்து மாமாவுக்குப் பழகிவிட்டது. "எஹெனவா, எஹெனவா" என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். கேட்கிறது, கேட்கிறது.

தோட்டத்து நிர்வாகத்துக்கு அவருடைய காது விஷயம் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அவருக்கு எழுத்து வேலை. கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து இறாத்தல் எடையைக் கூவுவார். அவருக்கு முதுகு காட்டி மேசையில் உட்கார்ந்திருக்கும் மாமா அதைத் துண்டில் எழுதிப் பெண்களிடம் கொடுக்க வேண்டும். காலையிலும் மதியமும் ஒவ்வொரு பெண்ணும் மேசைக்கு முன்னால் வந்து தன் இறாத்தலைத் தானே இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போவாள். ஒருத்தியும் ஒரு இறாத்தல் கூட்டிச் சொன்னதில்லை. அந்திநேர நிறுவைக்குத் தோட்டத்துச் சின்னத்துரையே மேற்பார்வைக்கு வந்து நிற்பார். அப்போது பெண்கள் வாய் திறக்க முடியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் கொழுந்துச் சாக்கைத் தூக்க வந்தவன் போல, மாமாவுக்கு எதிரே நான் நிற்பேன். இடது கை பத்துகள், வலது கை ஒன்றுகள். ஒரு தட்டு என்றால் ஐந்து, மிச்சத்துக்கு விரல்கள். கால்சட்டையின் மேலும் சட்டைப் பொத்தானின் மேலும் என் விரல்கள் அசையும். மாமாவின் பென்சில் ஓடும். இரண்டு வருடத்தில் ஒரு பிழை இல்லை. அந்த வயதில் எனக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அப்படியிருக்கையில் மாமாவுக்கு இரத்தோட்டை பசாரில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. மெஷின் வைத்துச் சட்டை தைப்பவர். உண்மையில் நல்லவர்தான், எனக்கும் ஒரு சட்டை அளவெடுக்காமலே தைத்துக் கொடுத்தார். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மாமாவிடம் பேசக் குரல் தேவையில்லை என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். வீதிக்கு அந்தப் பக்கம் மெஷினுக்குப் பின்னாலிருந்து உதட்டை மட்டும் அசைப்பார். இந்தப் பக்கம் நின்று மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். நடுவில் நல்ல காதோடு நான் நிற்பேன், ஒன்றும் கேட்காமல்.

அந்தப் பெண்ணின் அண்ணன் மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க. நாளைக்கே தோட்டத்தில காது விஷயம் தெரிஞ்சா உங்களை வெளிய போடுவாங்க. என் தங்கச்சி எந்த லயத்து வாசல்ல நிக்கிறது? பட்டாளத்துப் பென்ஷன் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே சேர்ச்சில கலியாண ஓலை வாசிச்சிரலாம்."

சேர்ச் சுவாமியாரைக் கொண்டு மாமா மனு எழுதினார். பல மாதம் கழித்து, மாத்தளையில் வைத்தியப் போர்டு முன்னால் வரும்படி கடிதம் வந்தது. டாக்டரோடு பேச ஒருவர் துணைக்கு வரலாம் என்று போட்டிருந்தது. லயத்தில் ஆங்கிலமும் சிங்களமும் கொஞ்சமாவது வாசித்தவன் நான்தான். பென்ஷன் வந்தால் இரத்தோட்டையில் ஒரு வீடு எடுத்து மாமா போய்விடுவார் என்று அம்மா பக்கத்துக் காம்பரா அக்காவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். என் காது நல்ல காது என்று சொன்னேன் அல்லவா.

போர்டுக்குப் போகிற மனிதன் கொஞ்சம் வாடிப்போய்ப் போக வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. பெரிய ஆட்கள் முன்னால் போகும்போது சுத்தமாகப் போக வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. மாமா முகம் வழித்து, பூட்ஸுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு, பதக்கத்தைச் சாம்பலால் துலக்கிக் குத்திக்கொண்டார்.

அரசாங்கக் கட்டடம் ஒன்றின் விறாந்தையில் ஏழெட்டுப் பேர் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் மாத்தளை முஸ்லிம் ஒருவர், ஒரு காலில் கட்டை மாட்டியவர், இடம் விட்டு உட்காரவைத்தார்.

"என்ன தம்பி, கலியாணத்துக்கா வந்த? இப்படி மினுக்கிட்டுப் போனா உள்ளுக்கு ஈக்கிறவர் உங்களத் திரும்பப் பட்டாளத்துக்கு அனுப்புவார்."

மாமா அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்தார். முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள், அப்படியே அவரைக் கூப்பிட்டார். "உங்களுக்கு என்னாங்க நானா, காலு. காட்டினா முடிஞ்சுது. எனக்குக் காது. எதைக் காட்டுறது?"

"காலக் காட்டினாப் போதும் எண்டா நினைக்கிற? போன முறை ஒரு ஆள் எழுதி வெச்சீக்கிறான், நடை திருப்தி எண்டு. நான் கட்டைய நல்லா ஊண்டி நடந்துட்டேன். அதுதான் நான் செஞ்ச குத்தம்." பிறகு என்னிடம் திரும்பினார். "மகன், நீதானா மொழிபெயர்க்கிற? உள்ளுக்கு மாமாட வீரத்தச் செல்லாத. நோவச் செல்லு."

நான் தலையாட்டினேன்.

அறையில் ஒரு டாக்டரும் எழுத்தரும் மட்டும் இருந்தார்கள். டாக்டர் வயதானவர், சிங்களவர், கடுமையில்லாதவர். பதக்கத்தைப் பார்த்து மாமாவை 'மாத்தயா' என்றே மரியாதையாகக் கூப்பிட்டார். சிறு விளக்கால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்து உச்சுக்கொட்டினார். சோதனையை என்னிடம் விளக்கினார். பட்டாளத்தில் பெட்டி எண்ணிய ஆங்கில எண்கள் மாமாவுக்குத் தெரியும். டாக்டர் பின்னால் நின்று எண்களைச் சொல்வார், கேட்டால் மாமா திருப்பிச் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அதை நான் மாமாவுக்குச் சரியாகவே சொன்னேன். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள். கதவு மாமாவுக்கு எதிரே இருந்தது.

டாக்டர் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய், கையிலிருந்த தாளைப் பார்த்து, "இருபத்து மூன்று" என்றார்.

பின்னால் ஒருவர் நின்று எண் சொல்கிறார். மாமா முதுகு காட்டி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார். என் விரல்களுக்கு அது மடுவமாகத்தான் தெரிந்தது. இடது கையில் இரண்டு, வலது கையில் மூன்று. நான் நினைத்துச் செய்யவில்லை. இவ்வளவு வருடமும் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அந்த முதல் எண்ணை நான் நினைத்துச் செய்யவில்லை.

மாமா "இருபத்து மூன்று" என்றார். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்து அடுத்ததைச் சொன்னார். விரல்கள் அசைந்தன. மாமா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். டாக்டர் இன்னும் பின்னால் போய்க் குரலைத் தாழ்த்தினார். கடைசியில் சுவரோடு சாய்ந்து நின்று மூச்சுக்காற்றாகச் சொன்ன எண்ணை நானே காதைத் தீட்டிக்கொண்டுதான் பிடித்தேன். அதையும் மாமா சொன்னார். அன்றைக்குப் போர்டு சோதித்தது ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் காதை. அது திருப்தியாக இருந்தது.

முதல் எண் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது, சரி. மற்றதற்கெல்லாம் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்படி நடுவில் நிறுத்தினால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார், கதவோரத்தில் நிற்பவனின் கைகள் கண்ணில் படும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

டாக்டருக்குக் குழப்பம். தாளைப் பார்த்தார், மாமாவின் காதைப் பார்த்தார். பிறகு கதவோரம் வந்து, என் தோளில் கை வைத்து, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். காதின் சவ்வு இரண்டும் கிழிந்திருக்கிறதே மகனே, வீட்டில் மாமாவுக்கு உண்மையிலேயே காது கேட்கிறதா?

அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிந்தது. எண்களுக்குப் பழக்கத்தைக் காரணம் சொல்லலாம். இதற்குச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் பயத்துக்கு முன்னால் என் மனதில் வந்தது இரத்தோட்டையில் ஒரு வீடும், மெஷினுக்குப் பின்னால் அசைகிற உதடும்.

"எஹெனவா, சேர்," என்றேன்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். மாமா எழுந்து, விறாந்தையில் கட்டைக்கால்காரர் சொல்லியிருந்தும் கேளாமல், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் மாமா எனக்குச் சீனி தூவிய ஒரு பணிஸும் பால் தேநீரும் வாங்கித் தந்தார். தனக்குப் பிளேன்டீ. கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னா மருமகனே, கடைசியா டாக்டர் ஐயா ஒங்கிட்ட என்னா கேட்டாரு?"

"படிக்கிறியான்னு கேட்டாரு, மாமா."

"நீ என்னா சொன்ன?"

"ஆமான்னேன்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரோடும் பேசும்போது அவர் பார்ப்பதுதானே என்று நான் பணிஸைத் தின்றேன்.

"நல்லாப் படிக்கணும்," என்றார். தன் கைக்குட்டையால் என் உதட்டோரத்துச் சீனியைத் துடைத்துவிட்டார்.

முடிவு ஆங்கிலத்தில் வந்தது. அதை வாசித்துச் சொன்னவனும் நான்தான். செவிப்புலன் திருப்தி, உதவிப்பணத்துக்கு இடமில்லை. அம்மா அடுப்படியில் நின்றபடியே டாக்டரைத் திட்டினார். "வெடியில போன காது வெளங்குதாம். அந்தாளுக்கு ரெண்டு கண்ணும் பொட்டையா?"

"அவரை ஏசாதக்கா," என்றார் மாமா. "அவருகிட்ட சொன்னதைத்தானே அவரு எழுத முடியும்."

அடுத்த தைக்குள் அந்தப் பெண்ணை உக்குவளையில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா அதற்குப் பிறகு இரத்தோட்டை பசாரில் அந்தப் பக்கத்து நடைபாதையில் நடந்ததில்லை. மடுவத்தில் நான் விரல் காட்ட, அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் மேல்படிப்புக்குக் கண்டிக்குப் போன பிறகுதான் தோட்டத்துக்கு விஷயம் தெரிந்தது. அவரைப் புல் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். நான் ஆசிரியனாகி மாத்தளையில் வீடு எடுத்தபோது அம்மாவோடு அவரும் வந்து, என் பிள்ளைகளைத் தோளில் சுமந்து, கடைசிவரை என்னோடு இருந்தார். நான் அந்த அறையில் ஆசைப்பட்டது முழுதாக எனக்குக் கிடைத்தது. புதுநன்மை வாங்குவதற்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் கொய்யாக்காய் திருடியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பிறகு எந்தச் சுவாமியாரிடமும் சொல்லவில்லை. மாமாவுக்குத் தெரியாத ஒன்றை மற்றவர்களிடம் எதற்குச் சொல்வது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

காது கேட்காதவருக்கு, இரண்டு முழத் தூரத்தில் நான் வாய்க்குள் சொன்ன பதில் தெரிந்திருக்காது என்று அந்தப் பையன் நம்பினான். டாக்டர் ஓரமாக நின்று என் தோளில் கை வைத்தபோது அவர் முதுகுதான் மாமாவுக்குத் தெரிந்தது, கேள்வி தெரிந்திருக்காது. ஆனால் என் முகம் மாமாவுக்கு நேராக இருந்தது. சிங்களத்தில் மற்றவர்களின் உதட்டில் அவர் பார்த்துப் பழகிய சொல் ஒன்றே ஒன்றுதான்.