ஃபாகருக்குப் பதிலாகத் திறந்த கேட்

"ரெஜினா, அந்தப் பாலக்கோட்டுப் பெட்டிய கழட்டி எடுத்துட்டு வந்துடு. பேசிட்டு நிக்காத. புதுசு மாட்டிக்கலாம்."

அதியமான்கோட்டை ஹைவே ஓரத்தில் இருக்கும் எங்கள் கடையிலிருந்து பஸ் ஏறி உட்காரவில்லை, அதற்குள் ஓனர் போன்.

"செத்துப்போச்சான்னு பாக்காம கழட்ட மாட்டேன்" என்றேன்.

"உங்கிட்டப் போய் சொன்னேன் பாரு" என்று வைத்துவிட்டார்.

இன்வெர்ட்டர் காலத்திலிருந்து எங்கள் பேச்சு இப்படித்தான். அப்புறம் சிசிடிவி வந்தது, இப்போது வீட்டு ஆட்டோமேஷன் வந்திருக்கிறது. சாமான்கள் மாறினவே தவிர ஓனர் மாறவில்லை. நானும்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த ஒரு நாள் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஆடு வந்த வீடு

பாலக்கோட்டு வளர்மதிக்கு நாற்பது வயது இருக்கும். லாரி மோதிய பிறகு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வீல்சேரில் இருந்தபடியே தக்காளி நாற்றும் கோஸ் நாற்றும் வளர்த்து விற்கிறார். காலையில் இரண்டு பெண்கள் வந்து தட்டுகளில் விதை போட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நேரம் தனி ஆள். நாற்றுகளுக்கு மேல் கட்டிய நிழல்வலைக்குள் வெயில் ஏறினால் பனி மாதிரி தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் தானாக ஓடும். நாற்று வாங்க வண்டி வந்தால், மடியில் இருக்கும் போனை அழுத்தி கேட்டைத் திறப்பார். இதையெல்லாம் செய்வது ஹால் அலமாரியில் இருக்கும் டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி. அதைத்தான் சர்வர் என்கிறோம். போட்டுக் கொடுத்தது எங்கள் கடை.

முந்தின நாள் மத்தியானம் வெயில் ஏறியதும் ஃபாகர் ஓடவில்லை, கேட் திறந்துகொண்டது. ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் உள்ளே புகுந்து கோஸ் நாற்றை மொட்டையடித்துவிட்டன.

"கத்திப் பாத்தங்க்கா. ஒரு ஆடு என்னையப் பாத்துக்கிட்டே தின்னுச்சு" என்றார் வளர்மதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் சிவந்திருந்தது.

வாசலில் ஒரு கார் நின்றது. வளர்மதியின் அண்ணன் முருகேசன், ஓசூரில் கம்பெனி வேலை. டிக்கியில் வளர்மதியின் துணிப்பையை ஏற்கெனவே வைத்துவிட்டார்.

"உங்க மேல தப்பு சொல்லலீங்க மேடம். மிஷின நம்பி ஒரு பொம்பளைய தனியா வுட முடியுமாங்க? நேத்து ஆடு வந்துச்சு, நாளைக்கு யாரு வருவாங்களோ. நர்சரிய குத்தகைக்கு வுட்டுட்டு பாப்பாவ எங்க வூட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன். சாயங்காலம் ஆளுங்க பாக்க வர்றாங்க."

"நான் வர்றன்னு சொல்லவே இல்ல" என்றார் வளர்மதி.

"நீ சும்மா இரு பாப்பா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது வயதில் ஒரு நர்சரியைத் தன்னந்தனியாக நடத்துகிறவள் பாப்பாவாம். பெட்டி சரியாகாவிட்டால் சாயங்காலம் அந்தக் காரில் வளர்மதி ஏறித்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அன்றைக்கு எனக்கு அது வெறும் சர்வீஸ் கால் இல்லை.

ஒழுங்கான தப்பு

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியைத்தான் நானும் கேட்டேன். "பெட்டிய யாராச்சும் தொட்டீங்களா?"

"யாரும் தொடலீங்க" என்றார் முருகேசன். வளர்மதியும் தலையாட்டினார்.

ரீஸ்டார்ட் செய்தேன். பழைய பேக்கப்பை ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில், "கேட்டை அமுக்குங்க, பாக்கலாம்" என்றேன்.

வளர்மதி அமுக்கினார். கேட் அசையவில்லை. நிழல்வலைக்குள்ளிருந்து "ஐயையோ!" என்று ஒரு சத்தம். குத்தகைக்காரரோடு போன் பேசிக்கொண்டே உள்ளே போன முருகேசன், தலையிலிருந்து சட்டை வரை நனைந்து வெளியே ஓடி வந்தார்.

"பெட்டிக்கு ஆள் தெரியுதுக்கா" என்றார் வளர்மதி. நாங்கள் இருவரும் சிரித்ததில் முருகேசனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாருங்க, பைத்தியம் புடிச்சிருச்சு இந்தப் பெட்டிக்கு!"

ஃபாகரை அமுக்கச் சொன்னேன். கேட் திறந்தது. திரும்பவும் கேட்டை அமுக்கினால் ஃபாகர். எத்தனை முறை செய்தாலும் அதே. பைத்தியம் இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, எதையோ எதுவாகவோ நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஓனர் போன். "கழட்டிட்டியா?"

"இல்ல. பெட்டி நல்லா இருக்குது."

"நல்லா இருந்தா அங்க எதுக்கு ஆடு மேயுது?"

நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

சர்வரின் பின்பக்கம் இரண்டு யுஎஸ்பி ஸ்டிக் உண்டு. ஒன்றின் ஒயர் கேட் மோட்டாருக்குப் போகிறது, இன்னொன்றின் ஒயர் ஃபாகர் பம்புக்கு. இரண்டும் ஓனர் மொத்தமாக வாங்கிப் போட்ட ஒரே லாட். லேப்டாப்பில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர், தனித்தனி சீரியல் நம்பரே கிடையாது. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த கதை. அதனால் எது எந்த ஓட்டையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சர்வர் ஆள் கண்டுபிடிக்கிறது. அப்படியானால் யாரோ இடம் மாற்றிச் சொருகியிருக்க வேண்டும். ஆனால் யாரும் தொடவில்லையே!

எழுந்து போய் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டி பளபளவென்று இருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். ஸ்டிக்குகளுக்கும் காய்ந்த பொட்டு. அவை இரண்டும் ஒட்டி ஒட்டி இருந்தன, நடுவில் விரல் நுழையாது. டார்ச் அடித்தேன். அந்த நடுச்சந்துக்குள்ளும் பொட்டு இருந்தது.

"ஆயுத பூஜை பண்ணீங்களா?"

முருகேசன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "பண்ணாம இருப்பனுங்களா? முந்தாநாள் குடும்பத்தோட வந்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு, கேட்டைக் கையால இழுத்து சாத்திட்டுத்தான் போனேன். மோட்டாரு, ஸ்ப்ரேயரு, காரு, இந்தப் பெட்டி, ஒண்ணையும் வுடல."

"குச்சிங்களப் புடுங்கித் துடைச்சீங்களா?"

"அழுக்கோட எப்படிங்க பொட்டு வெக்கறது?"

"யாரும் தொடலைன்னீங்களே!"

"பூஜைதானுங்களே பண்ணேன். தொடலியே."

அவர் பொய் சொல்லவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் கடையில் என் மல்டிமீட்டருக்கு வருஷா வருஷம் பொட்டு உண்டு. அதை நானும் ஒருநாளும் தொட்ட கணக்கில் சேர்த்ததில்லை.

மாற்றிச் சொருகினால் போதாது

"அவ்வளவுதானா? அப்ப மாத்திச் சொருவிட்டா சரியாயிடும்" என்றார் முருகேசன்.

ஆகும். சொருகிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். அடுத்த பொங்கலுக்கு யாராவது தூசி தட்டுவார்கள், கேட் திறக்கும், இவர் மறுபடியும் காரோடு வந்து நிற்பார். அந்த இடத்துக்கு இன்னொரு தடவை வளர்மதியைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு இஷ்டமில்லை.

என் பையில் வேறு கம்பெனி ஸ்டிக் ஒன்று இருந்தது, சொந்த நம்பர் உள்ளது. கேட் ஒயரை அதற்கு மாற்றினேன். இந்தப் பெயர் என்றால் கேட், அந்தப் பெயர் என்றால் ஃபாகர், ஓட்டையைப் பார்க்காதே என்று சர்வரில் எழுதி வைத்தேன்.

ஓனருக்கு நானே போன் போட்டேன். "புதுப் பெட்டி வேண்டாம். ஒரு ஸ்டிக் மாத்தினேன்."

"உன்ன வெச்சுக்கிட்டு நான் கடை நடத்தினாப்பலதான்."

"நடத்திட்டுத்தான இருக்கறீங்க" என்று இந்த முறை நான் வைத்துவிட்டேன்.

முருகேசன் அசையவில்லை. "இன்னிக்கு சரிங்க மேடம். நாளைக்கு வேற ஏதாச்சும் ஆச்சுன்னா?" அவர் குரலில் உண்மையாகவே பயம் இருந்தது. தங்கச்சி மேல் பாசமில்லாத ஆள் இல்லை அவர்.

வளர்மதி வீல்சேரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஆச்சுன்னா அக்காவுக்குப் போன் பண்ணுவேன். உன் காரு ரோட்டுல நின்னுபோனப்ப, இனி நீ வெளியவே போவாதன்னு உன்ன யாராச்சும் வூட்டுல உக்கார வெச்சாங்களா? மெக்கானிக்கத்தான கூப்பிட்ட? எனக்கு மட்டும் ஏண்ணா வேற சட்டம்?"

வளர்மதி அலமாரியைக் கை காட்டினார்.

"போ. ரெண்டையும் புடுங்கு. உனக்குப் புடிச்ச ஓட்டையில சொருவு."

"நானா?"

"நீதான். பொட்டு வெச்சவன் நீதான?"

அவர் புடுங்கினார். இடம் மாற்றிச் சொருகினார். நான் சர்வரை ரீஸ்டார்ட் போட்டேன்.

அது எழுந்து வரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "யாராவது தொட்டீங்களா" என்று கேட்காதீர்கள், எந்த வீட்டிலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். "துடைச்சீங்களா, பொட்டு வெச்சீங்களா" என்று கேளுங்கள். எது கெட்டது என்று தெரியாமல், ஓனரே சொன்னாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். கழட்டுவது சுலபம். அந்தப் பெட்டியை நம்பி ஒரு ஆள் அந்த வீட்டில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

சர்வரில் பச்சை லைட் வந்தது. வளர்மதி முதலில் ஃபாகரை அமுக்கினார். மிச்சமிருந்த நாற்றுகள் மேல் பனி இறங்கியது. கேட் அசையவில்லை. அப்புறம் நிறுத்திவிட்டு, கேட்டை அமுக்கினார். அது கரகரவென்று ஓடி முழுசாகத் திறந்து நின்றது.

"டிக்கியில இருக்கற என் துணிப்பைய எறக்கி வெச்சுடுண்ணா" என்றார். "கேட்டு தொறந்திருக்குது. நீ போயிட்டு வா."