கட்டின் அடியில் இருந்த அட்டை

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. மைசூரில் எங்கள் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எதிலுமே நுழைந்ததில்லை. சீட்டாடுகிறவன் நரகத்தில் இடம் பிடித்து வைத்தவன் என்பார் அப்பா. ஆனால் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஆளுக்கோர் அட்டை எடுப்போம். பீடத்தின் முன் ஒரு தட்டில் வசன அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். கையில் வரும் வசனம், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தரும் வாக்கு. வந்ததை மாற்றக் கூடாது, திருப்பி வைக்கவும் கூடாது. வர முடியாதவர்களுக்காக வீட்டார் யாராவது எடுக்கலாம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது. அந்தப் புத்தாண்டில் அம்மாவுக்காக நான்தான் அட்டை எடுத்தேன். அம்மா நர்ஸ். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே காசம் வந்து, ஊருக்கு வெளியே இருந்த காச ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எடுத்த அட்டையை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அப்பா வாசித்தார், வாய்விட்டு அல்ல. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்ல வசனந்தான் பாப்பா" என்றார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். அம்மாவுக்குத் தப்பான அட்டையை எடுத்துவிட்டேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

எட்டு வயதில் வாசிக்கத் தெரியாதா என்று கேட்காதீர்கள். எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைப் பலகையில் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை வகுப்பை விட்டால் சர்ச்சில்தான் பார்ப்போம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோயிருக்கும்.

இதற்குத்தான் எங்கள் டீச்சர் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். மண்டி மொஹல்லாவில் ஓர் அச்சுக்கூடத்தில் கழித்துப்போட்ட அட்டைத் துண்டுகளை வாங்கிவந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் எழுதி, கட்டாக மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். மேல் அட்டையை எடுத்து நிற்காமல் வாசிக்க வேண்டும். வாசித்தால் அட்டை உனக்கே. வீட்டுக்குக் கொண்டுபோகலாம், அடுத்ததையும் எடுக்கலாம். தடுமாறினால் அட்டை கட்டின் அடிக்குப் போகும், அடுத்த பிள்ளை வரும். பள்ளிக்கூடத்தில் சீட்டாட்டமா என்று சபைப் பெரியவர் ஒருவர் குதித்துக்கொண்டு வந்தார். டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் எழுந்து போனார்.

காகம் மரத்தில் உட்கார்ந்தது, மாடு தண்ணீர் குடித்தது என்று இருக்கும். எல்லோரையும் நடுங்கவைத்த அட்டை ஒன்று உண்டு: மாமா நஞ்சன்கூட்டிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்தார். அந்த மாமாவை வகுப்பே சபித்தது.

ஒரு நாள் என் கைக்கு இது வந்தது: அம்மா மாலையில் வீட்டுக்கு வந்தாள்.

அம்மா வரைக்கும் ஓடியது. 'மாலையில்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். டீச்சர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"குடு கண்ணு. மறுபடி வரும்."

"என்னோடது டீச்சர். எனக்குத்தான் வந்துச்சு."

"நிக்காம படிச்சாத்தானே உன்னோடது?"

அட்டை அடிக்குப் போனது. மற்றப் பிள்ளைகளுக்கு அது வெறும் வாக்கியம். எனக்கு அது வாக்கு. புத்தாண்டில் அம்மாவுக்கு வந்திருக்க வேண்டிய அட்டை வழி தவறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. சர்ச்சில் மாற்ற முடியாது; இங்கே கர்த்தர் இன்னொரு தடவை தருகிறார். நிற்காமல் வாசித்து அதை எடுத்துவிட்டால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அடியில் கிடப்பதை எடுக்க ஒரே வழி, மேலே இருப்பதையெல்லாம் வாசித்துத் தீர்ப்பது. வேதாகமம், பாட்டுப் புத்தகம், பொட்டலம் கட்டிவந்த காகிதம் என்று தமிழ் எழுத்து எங்கே கண்டாலும் விடவில்லை. ஒரு தடவை அந்த அட்டை என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் கைக்குப் போனது. அவள் தடுமாற வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தேன்.

"சும்னே ஏண்டி என்னைப் பாத்து முணுமுணுக்கறே?" என்று கன்னடம் கலந்து சீறினாள். அந்தக் கோபத்திலேயே தடுமாறினாள். அந்த ஜெபத்தை மட்டும் கர்த்தர் உடனே கேட்டார்.

மழை தொடங்கும் முன் ஒரு நாள் என் முறை வந்தது. காகம் போனது, மாடு போனது, வாழைப்பழ மாமாவும் போய்ச் சேர்ந்தார். கட்டு கரைந்து கடைசி அட்டை மட்டும் மேஜைமேல் இருந்தது. அதையும் வாசித்தேன். டீச்சர் என் தலையில் கை வைத்து, "கொண்டுபோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் நாற்காலியில் அம்மா. அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்தேன்.

"எழுத்துக்கூட்டாம படிச்சிட்டியே!" என்றாள். "இன்னொரு தடவை படி."

படித்தேன். இன்னொரு தடவை என்றாள். அப்பா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"எப்பம்மா வருவே?"

"அதான் போட்டிருக்கே, மாலையிலன்னு."

சிரித்தாள். எந்த மாலை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை என் வேதாகமத்துக்குள் வைத்தேன். தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே அம்மா இறந்துபோனாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். தொற்றுநோய் என்று வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஒரு நாழிகைகூட அவள் வீட்டுக்கு வரவில்லை.

மறுபடி பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் புதுக் கட்டு எழுதி வைத்திருந்தார். என் முறை வந்தது. வாசிப்பு என்னைவிட்டுப் போயிருக்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. அட்டை அட்டையாக எடுத்து வாசித்தேன். அப்பா வந்தார், அக்கா வந்தாள், அத்தை வந்தாள். அம்மா எங்குமே இல்லை. அம்மா வரும் அட்டைகளை டீச்சர் எனக்காக ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார். இரக்கந்தான், இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. என் அம்மா செத்துப்போனால் எல்லோருடைய அம்மாவுமா போக வேண்டும்?

மறுநாள் வேதாகமத்திலிருந்து அட்டையை எடுத்துப்போய்க் கட்டின் அடியில் செருகினேன். வந்ததைத் திருப்பி வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன்.

"அது உன்னோடது கண்ணு" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர்."

சில நாள் கழித்து அந்த அட்டை பக்கத்துப் பெண்ணுக்கு வந்தது. இந்தத் தடவை நான் ஜெபிக்கவில்லை. அம்மா மாலையில் வீட்டுக்கு வந்தாள் என்று ஒரே மூச்சில் வாசித்தாள். வாசித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எடுத்துக்கோடி" என்றேன். "உங்கம்மா வருவாங்க."